இந்த வீட்டில் எத்தனை ஓட்டு

உள்ள வாங்க தம்பி, வெயில்ல நிக்காதீங்க. நாய் ஒண்ணும் செய்யாது, கட்சிக்காரன் வந்தாத்தான் அது குரைக்கும். அந்த நாற்காலி வேணாம், கால் ஆடும். இதுல உக்காருங்க.

பல்கலைக்கழகத்துலேர்ந்தா? கோலாலம்பூர்லேர்ந்து இதுக்குன்னே வந்தீங்களா? நல்லது. தாள காட்டுங்க பாப்போம். "மாநில வாக்காளர்களின் இன விகிதம்." அட, நம்ம பாடமாச்சே! முதல் கேள்வி என்ன, "இந்த வீட்டில் வாக்களிக்கத் தகுதி உள்ளவர் எத்தனை பேர்?" அத விடுங்க தம்பி, அது சின்னக் கேள்வி. கடைசியில பாத்துக்கலாம். வீட்டுக் கணக்கு எங்க ஓடிடப்போகுது. பெரிய கேள்வியா கேளுங்க, நீங்க சரியான ஆள்கிட்ட வந்திருக்கீங்க. இந்தத் தாமான் குடியிருப்புல யாரக் கேட்டாலும் சொல்வாங்க, சன்னாசி அண்ணனப் போயி பாருங்கன்னு. அப்படித்தானே சொன்னாங்க? பாத்தீங்களா!

எழுதிக்குங்க. எங்க சுங்கை கெலாடி சட்டமன்றத் தொகுதி. மொத்தம் இருபத்தொராயிரத்து நானூத்து எண்பது. மலாய்க்காரங்க பன்னண்டாயிரத்து நானூத்து ரெண்டு. சீனவங்க ஆறாயிரத்து ஐநூத்து முப்பது. நம்ம ஆளுங்க ரெண்டாயிரத்து முன்னூத்து பதினாலு. மத்தவங்க இருநூத்து முப்பத்து நாலு. கூட்டிப் பாருங்க, ஒண்ணு கூடாது, ஒண்ணு குறையாது. நம்ம சதவீதம் பத்தே முக்கால். பத்துன்னு சொல்றவன நம்பாதீங்க. அந்த முக்கால்லதான் எல்லாமே இருக்கு.

எப்படித் தெரியும்னு கேக்குறீங்களா? வாக்காளர் பட்டியல்ல இனம் போட்டிருக்காது தம்பி. பேருதான் இருக்கும். பேரப் பாத்து நாமதான் பிரிக்கணும். முப்பத்தெட்டு வருஷமா நான் கட்சிக் கிளையில செய்யிற வேலை இதுதான். மூணு பேனா. மலாய்க்காரங்களுக்குப் பச்சை, சீனவங்களுக்குச் சிவப்பு, நம்ம ஆளுங்களுக்கு நீலம். பட்டியல் வந்தா இந்த மேசையில விரிச்சுப் போட்டு, மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒவ்வொரு பேரா கோடு போட்டுக்கிட்டே வருவேன். ஜோசப்னு வரும், ரோஸ்மேரின்னு வரும், அப்பன் பேரப் பாத்துப் பிரிக்கணும். இதெல்லாம் பள்ளிக்கூடத்துல சொல்லித் தரமாட்டாங்க.

இப்ப கோடு போடறது என் மக. லோகேஸ்வரி, லோகான்னு கூப்புடுவோம். எனக்குக் கண்ணு மங்கிடுச்சு, அவ வாசிப்பா, அவளே போடுவா. டவுன்ல ஒரு கிளினிக்ல மருந்து எடுத்துக் குடுக்கிற வேலை. அஞ்சரைக்கெல்லாம் வந்துடுவா. அவ இருந்தா நீங்க என்னைக் கேக்கவே வேணாம். ஏழாம் நம்பர் வாக்குச்சாவடியில நம்மாளு எத்தனைன்னு கேட்டா சோறு வடிச்சுக்கிட்டே சொல்வா. யாராவது செத்துட்டா அன்னிக்கே பட்டியல்ல அடிச்சிடுவா. சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்து குளிச்சிட்டு, நேரா மேசைக்குத்தான் வருவா.

ஒருதடவ எங்க ரெண்டு பேருக்கும் சண்டை. லிம் ஆ மூய்னு ஒரு அம்மா, அஞ்சாவது வரிசையில இருக்காங்க. பொறந்தது சீனவங்களுக்கு, வளந்தது நம்ம வீட்டுல. அந்தக் காலத்துல பொம்பளப் புள்ளைங்களா பொறந்துக்கிட்டே இருந்தா, ரப்பர் தோட்டத்துல நம்மாளுங்க வீட்டுல குடுத்துட்டுப் போயிடுவாங்க. அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அந்தம்மா தீ மிதிக்கிற அம்மா. பேசினா நம்மளவிட நல்ல தமிழ். ஆனா பேரு லிம். நான் சிவப்புன்னேன். லோகா நீலம்னா. ரத்தத்தப் பாருன்னு நான் சொல்றேன், ஓட்டப் பாருங்கப்பான்னு அவ சொல்றா. கடைசியில கேட்டா பாருங்க ஒரு கேள்வி, "அப்ப நம்ம அம்மாவுக்கு எந்தப் பேனாப்பா?"

ஆமா தம்பி, என் வீட்டுக்காரியும் அப்படி வந்தவதான். உள்ள படுத்திருக்கா, மூட்டு வலி. பேரு பவுனம்மா. முகத்தப் பாத்தா டவுன்ல காய்கறி விக்கிற சீனத்தி மாதிரியே இருப்பா, வாயத் தொறந்தா எங்க தோட்டத்துப் பேச்சு. பொறந்து பதினோரு நாள்ல கொண்டாந்து குடுத்தாங்களாம். குடுத்தவங்க பேரு சொல்லல, வாங்குனவங்க தாளு கேக்கல. புள்ளைக்குப் பால் குடுக்கிற அவசரத்துல தாள யாரு நினைப்பாங்க? அதனால அவளுக்குப் பச்சை அட்டை, குடியுரிமை இல்லாதவங்களுக்குக் குடுக்கிறது. இந்த நாட்டுலயே பொறந்து, இந்த நாட்டுலயே ரப்பர் பால் வெட்டி, அஞ்சு வருஷத்துக்கு ஒருக்கா போயி, இன்னும் இருக்கலாமான்னு கேட்டுப் புதுப்பிச்சிட்டு வர்றா.

லோகா கேட்டதுக்கு நான் என்ன சொன்னேன்னு கேக்குறீங்களா? விளையாட்டாத்தான் சொன்னேன். "உங்கம்மாவுக்குப் பேனாவே வேணாம்டி, ஓட்டு இருந்தாத்தானே"ன்னு. அவ சிரிக்கல. ஆ மூய் பேருல நீலத்தப் போட்டுட்டு அடுத்த பேருக்குப் போயிட்டா.

லோகாவுக்கா? லோகாவுக்கும் பச்சை அட்டைதான் தம்பி.

ஏன்னு எல்லாருந்தான் கேக்குறாங்க. நான் குடிமகன், நீல அட்டை, எங்கப்பா நீல அட்டை. ஆனா சட்டம் என்ன சொல்லுதுன்னா, அப்பன் ஆத்தா கல்யாணம் பதிவு ஆகாம பொறந்த புள்ளை ஆத்தாளோடதாம். அப்பன் கணக்குல வராதாம். என்னய்யா சட்டம்? மாரியம்மன் கோயில்ல, முன்னூறு பேரு முன்னால, மேளம் கொட்டித் தாலி கட்டினேன். தோட்டத்து ஆபீஸ் கெராணியாரே வந்து அட்சதை போட்டாரு. அது கல்யாணம் இல்லையாம். நம்ம சனத்துக்குத் தாலி ஏறினா கல்யாணந்தான். ஆபீஸ் தாளெல்லாம் சாவகாசமா வாங்கிக்குவோம். எல்லாரும் அப்படித்தான் செஞ்சாங்க. நானும் வாங்கினேனே! வாங்காம இல்ல. புள்ள பொறந்து நாலு மாசத்துல போயி பதிஞ்சிட்டேன். அதுக்குள்ள பொறப்புப் பத்திரத்துல "குடிமகள் அல்ல"ன்னு அடிச்சிட்டாங்க. நாலே நாலு மாசம் தம்பி. அதுக்கு இருபத்தேழு வருஷம்.

கல்யாணத்துக்கும் அவ பொறந்ததுக்கும் நடுவுல பதினோரு மாசம் இருந்துச்சேன்னு கணக்குப் போடுறீங்க. உங்க முகத்துல தெரியுது. அந்த வருஷம் எனக்கு மூச்சு விட நேரமில்ல தம்பி. பொதுத்தேர்தல் வரப்போகுதுன்னு பேச்சு. அப்பல்லாம் இப்ப மாதிரி இல்ல. இப்ப பதினெட்டு வயசானா பேரு தானா ஏறிடுது. அப்ப நாமளாத்தான் தபாலாபீஸ்ல போயி பதியணும். நம்ம சனம் போகுமா? நான்தான் இழுத்துட்டுப் போவேன். நாலு தோட்டம், ஒரு மோட்டார் சைக்கிள். பின்னால ஒருத்தர உக்கார வச்சு, கூட்டிட்டுப் போயி, கையெழுத்துப் போட வச்சு, கொண்டாந்து விடுவேன். அந்த ஒரு வருஷத்துல நானூத்து முப்பது பேரப் பதிஞ்சேன். மாவட்டத்துலயே முதல் கிளைன்னு சால்வ போட்டாங்க, படம் அங்க மாட்டியிருக்கு பாருங்க. கல்யாணப் பதிவு ஆபீஸ் தபாலாபீஸுக்கு எதுத்தாப்புலதான். தினம் நாலு தடவ அந்த வாசலத் தாண்டிப் போயிருக்கேன். இவளக் கூட்டிட்டுப் போகணும், போகணும்னு நினைச்சுக்கிட்டேதான் இருந்தேன்.

சரி, அது பழைய கதை. நீங்க இடைத்தேர்தல எழுதிக்குங்க, அது உங்களுக்கு உபயோகப்படும். எங்க பழைய ஒய்பி, சட்டமன்ற உறுப்பினரு, தவறிட்டாரு. இடைத்தேர்தல் வந்துச்சு. புதுசா நின்னவரு நேரா இங்கதான் வந்தாரு, நீங்க உக்காந்திருக்கிற அதே நாற்காலி. "அண்ணே, உங்க பத்தே முக்காலத்தான் நம்பியிருக்கேன்"னாரு. சட்டமன்றத்துக்கு நிக்கிறவருக்கு என் தசமம் தெரிஞ்சிருக்கு தம்பி! எனக்கு உச்சி குளுந்துபோச்சு. லோகா விஷயத்தச் சொன்னேன். "முதல்ல ஜெயிக்க வைங்க அண்ணே, உங்க பொண்ணு என் தங்கச்சி மாதிரி"ன்னாரு.

அவ உழைச்ச உழைப்பு இருக்கே. கிளினிக்ல லீவு போட்டுட்டு மூணு வாரம். வீடு வீடா போயி, யாரு எந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனாவது அறையில ஓட்டுப் போடணும்னு துண்டுச் சீட்டு எழுதிக் குடுத்தா. ஓட்டு நாளுல எங்க கூடாரத்துல உக்காந்து எல்லாருக்கும் பேரு தேடிக் குடுத்தா. முகத்தப் பாத்துட்டு எதிர்க்கட்சிக்காரன் ஒருத்தன் அவகிட்ட சீனத்துல பேசுறான். இவ, "அண்ணே, தமிழ்ல கேளுங்க"ங்கிறா. அவனுக்கு வெக்கமாப் போச்சு. நடக்க முடியாத கிழவிங்களக் கைத்தாங்கலா பள்ளிக்கூட வாசல் வரைக்கும் கூட்டிட்டுப் போயி விட்டா. வாசல் வரைக்குந்தான். உள்ள விடமாட்டாங்கல்ல. சாயந்தரம் வரைக்கும் அந்தக் கேட்டுல முப்பது தடவயாச்சும் நின்னு திரும்பியிருப்பா.

ஜெயிச்சோம் தம்பி. அறுபத்து மூணு ஓட்டுல. அறுபத்து மூணு! அதெல்லாம் அவ கூட்டிட்டுப் போன கிழவிங்கதான்னு நான் எங்க வேணும்னாலும் அடிச்சு சொல்வேன்.

ஒரு மாசம் கழிச்சு கோப்ப எடுத்துக்கிட்டு ஒய்பியோட சேவை மையத்துக்குப் போனோம், நானும் லோகாவும். அந்தக் கோப்பு அவதான் அடுக்குவா. பொறப்புப் பத்திரம், பள்ளிக்கூடச் சான்றிதழ், ஏழு பாடத்துல ஏ எடுத்தது, மூணு தடவ நிராகரிச்ச கடுதாசி, எல்லாம் வரிசையா. எங்க கல்யாணப் பதிவுப் பத்திரத்த மட்டும் எப்பவும் ஆக அடியில கவுத்து வைப்பா. எதுக்கு அப்படி வைக்கிறான்னு தெரியல. நான் எடுத்து மேல வைப்பேன், அவ திருப்பி அடியில வச்சிடுவா.

சேவை மையத்துல நம்ம தமிழ்ப் பொண்ணு ஒண்ணுதான் உக்காந்திருந்துச்சு, மரியாதையான பொண்ணு. "அங்கிள், வாக்காளர் எண் சொல்லுங்க"ன்னுச்சு. இவளுக்கு இல்லம்மா, அதுக்குத்தானே வந்திருக்கோம்னேன். "எண் போட்டாத்தான் கம்ப்யூட்டர் அடுத்த பக்கம் போகும் அங்கிள், தொகுதி ஓட்டர்க்குத்தான் உதவி." அதுக்கு ஓட்டு இருந்தா உதவி எதுக்கும்மான்னேன். அது பாவம், என்ன செய்யும்? யோசிச்சிட்டு, "உங்க எண்ணையே போட்டுடறேன்"னுச்சு. போட்டுச்சு. அடுத்த பக்கம் போயிருச்சு. எனக்கு ஒரே சந்தோஷம்.

ரெண்டு மாசத்துல கடுதாசி வந்துச்சு. சன்னாசி த/பெ முனியன், தாங்கள் ஏற்கனவே குடிமகன், ஆகவே தங்கள் மனு முடிக்கப்பட்டதுன்னு. நான் குடிமகன்னு எனக்கே கடுதாசி! லோகா படிச்சிட்டு, "வாழ்த்துகள்ப்பா"ன்னா. அதுக்கு அவ சிரிச்சா தம்பி.

ஒய்பிய நேர்ல புடிச்சேன், ஒரு கல்யாண மண்டபத்துல. தோள்ல கை போட்டாரு. "அண்ணே, ஒரு ஆளுக்காக மேல போயி பேசினா எடுபடாது. உங்க ஏரியாவுல இப்படி எத்தனை பேருன்னு கணக்கெடுங்க. நூறு பேரு இருந்தா குடுங்க, நான் பேசுறேன்." கணக்குதானே? அது நம்ம வேலைதானே! நானும் லோகாவும் மறுபடி வீடு வீடா ஏறினோம். முன்ன பட்டியல்ல இருக்கிறவங்களத் தேடிப் போனோம், இப்ப இல்லாதவங்களத் தேடிப் போனோம். அது லேசு இல்ல தம்பி. பட்டியல்ல இல்லாதவங்களுக்குப் பட்டியல் ஏது? கதவத் தொறக்கவே பயப்படுவாங்க. லோகா தன் பச்சை அட்டைய சன்னல்கிட்ட காட்டுவா, அப்புறந்தான் தொறப்பாங்க.

அறுபத்தெட்டு பேரு. முப்பதுக்கு மேல எங்கள மாதிரிதான், கோயில் கல்யாணம், அப்புறம் புள்ள, அப்புறம் பதிவு. எனக்கு அந்த அப்பன்காரனுங்களப் பாத்தா பத்திக்கிட்டு வரும். ஒருத்தன் லாரி ஓட்டப் போயிட்டேங்கிறான். ஒருத்தன் மறந்துட்டேங்கிறான். மறக்கிற காரியமாய்யா இது, உன் புள்ள தலையெழுத்துடான்னு வாசல்லயே வச்சுத் திட்டுவேன். லோகா என் சட்டையப் புடிச்சு இழுப்பா, "வாங்கப்பா, அடுத்த வீட்டுக்குப் போலாம்"னு.

அவளுக்கு ஒரு கிறுக்கு உண்டு, சொல்ல மறந்துட்டேன். யாரு கல்யாணப் பத்திரிகை கொண்டாந்து வச்சாலும், வாங்கின கையோட, "பதிஞ்சிட்டீங்களா?"ன்னு கேப்பா. வாங்க உக்காருங்கன்னுகூடச் சொல்லமாட்டா. நல்ல காரியத்துக்கு வந்தவங்கள இப்படிக் கேக்கலாமா? முகம் சுண்டிப்போயிடும் அவங்களுக்கு. நான் எத்தனையோ தடவ ஏசியிருக்கேன். ரெண்டு ஜோடிய அவளே ஆபீஸுக்குக் கூட்டிட்டுப் போயி பதிய வச்சிட்டு வந்திருக்கா. அவள ஒரு நல்ல பையன் கேட்டு வந்தான், வேணாம்னுட்டா.

அறுபத்தெட்ட டைப் அடிச்சு ஒய்பிகிட்ட குடுத்தோம். பாத்தாரு. அவர் கெட்டவர் இல்ல தம்பி, அத எழுதிக்குங்க. "அண்ணே, அறுபத்தெட்டுன்னா புள்ளி மூணு சதவீதம். அதுலயும் யாருக்கும் ஓட்டு இல்ல. நான் எத வச்சுப் பேசுறது?"ன்னாரு. அவர் போட்டது என் கணக்கு. முப்பத்தெட்டு வருஷமா நான் மத்தவங்களுக்குப் போட்டுக் குடுத்த அதே கணக்கு. எந்திரிச்சு வந்துட்டேன்.

உங்க தாள்ல கடைசிக் கட்டம் என்ன? "மற்றவர்"ஆ? இல்ல தம்பி, அதுல இவளப் போட முடியாது. அந்த இருநூத்து முப்பத்து நாலு பேருக்கும் ஓட்டு இருக்கு. சயாம்காரங்க, பஞ்சாபிங்க எல்லாருக்கும் இருக்கு. இவ "மற்றவர்"லகூட இல்ல.

அதுக்குக் கீழ என்னமோ இருக்கே, "தகுதி இல்லாதோர் பற்றிய விவரம்." பரவாயில்லையே, அதையும் கேக்குறீங்களா! இருங்க, அவ எழுதின நோட்டு இந்தக் கோப்புக்கு அடியிலதான் இருக்கும். டைப் அடிச்ச தாள்ல வெறும் பேருதான், நோட்டுல எல்லாம் எழுதியிருக்கா. அத நான் பிரிச்சதே இல்ல. இதோ. பள்ளிக்கூட நோட்டு, எவ்வளவு அழகா கோடு போட்டிருக்கா பாருங்க. என் கண்ணுக்குச் சரியாத் தெரியல, அந்தக் கண்ணாடிய எடுங்க.

பேரு. பொறந்த தேதி. கோயில் கல்யாணத் தேதி. பதிவுத் தேதி. கடைசியில "காரணம்"னு ஒரு கட்டம். தேதியெல்லாம் எதுக்கும்மா, ஆள எண்ணுனு அப்பவே சொன்னேன், கேக்கல. பாருங்க, ரெண்டாவது பேரு, "தந்தை லாரி வேலைக்குப் போனார்." மூணாவது, "தந்தை மறந்துவிட்டார்." நாலாவது, "தந்தைக்குத் தெரியாது." அஞ்சாவது, குடி. ஒண்ணு விடாம எழுதியிருக்கா. மொத்தம் அறுபத்தெட்டுக்கும் எழுதியிருப்பா, அவ வேலைன்னா அப்படி.

முதல் பேரு அவளோடதுதான். லோகேஸ்வரி. பொறந்த தேதி இருக்கு. எங்க கல்யாணத் தேதி இருக்கு. பதிவுத் தேதி இருக்கு. காரணம்...

காரணத்துல ஒண்ணும் எழுதல தம்பி.

விட்டுட்டா போல. மறந்திருப்பா. நீங்க பாருங்க, உங்களுக்கு நல்ல கண்ணு. லேசா பென்சில்ல ஏதாச்சும் இருக்கா? அழிச்ச அடையாளம்? இல்லையா.

மறக்கிற பொண்ணு இல்ல தம்பி அவ. மத்த அப்பனுங்களுக்கெல்லாம் எழுதியிருக்கா. எனக்கு எழுதல. வீடு வீடா நான் நின்னு அவனுங்களத் திட்டுனப்ப, இவ இந்த நோட்ட மார்புல அணைச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னா. சட்டையப் புடிச்சு இழுத்தா. அவனுங்களுக்காக இழுக்கிறான்னு நினைச்சேன். கொஞ்சம் தண்ணி எடுங்க.

இல்ல, இல்ல, வேணாம். வாசக் கேட்டு சத்தம். அவதான். நாய் குரைக்கல பாருங்க. நோட்ட அப்படியே அடியில வைங்க. அந்த இடந்தான், அதே மாதிரி.

தாள எடுங்க. உங்க முதல் கேள்வி. இந்த வீட்டுல ஆளு மூணு. ஓட்டு ஒண்ணு. எழுதிட்டீங்களா? காரணம்னு உங்க தாள்ல கட்டம் இருக்கா? இல்லையா? அப்ப ஓரத்துல எழுதுங்க, சின்னதா எழுதினாப் போதும். "அப்பன் அந்த வாசலத் தாண்டித் தாண்டிப் போனான், உள்ள போகல"ன்னு எழுதுங்க. சீக்கிரம் தம்பி, செருப்பு கழட்டுறா.